டேப் உடைத்தவள்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள். நின்றுகொண்டே கேட்டால் கதை காதில் ஏறாமல் காலில் இறங்கிவிடும். இன்றைக்கு ஒருத்தியின் கதை சொல்லப் போகிறேன். செய்யாத தப்பு ஒன்றை அவள் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு அதை இறக்கி வைக்க மனசில்லாமல் சுமந்தாள். கடைசியில் ஒருவர் அன்பாக அதை இறக்கி வைத்தபோது வாய்விட்டு அழுதாள். பாரம் இறங்கினதற்கு யாராவது அழுவார்களா என்று கேட்காதீர்கள். கேட்டு முடியுங்கள்.

அவள் வேலை பார்த்தது ஓர் இரும்புப் பட்டறையில். தகரக்கூரை. வெயில் காலத்தில் உச்சிப்பொழுதுக்குக் கூரை சூடேறிப் படபடவென்று சத்தம் போடும். மழைக்காலத்தில் கூரைச் சத்தத்தில் பேச்சு எடுபடாது, கையாலேயே பேசிக்கொள்வார்கள். உள்ளே கடைசல் மெஷின்கள், துளை போடும் மெஷின், சுவரை ஒட்டி நீளமாக ஒரு மேசை, அதில் இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ். எல்லாவற்றின் மேலும் எண்ணெய் வாடை. அந்த வாடை துணியில் ஏறினால் போகாது. துவைத்து, காயவைத்து, மடித்துப் பெட்டியில் வைத்தாலும் பெட்டிக்கும் அது ஏறும்.

அங்கே வருவதெல்லாம் எவர்சில்வர் வேலை. நாம் சாப்பிடுகிற தட்டும் எவர்சில்வர்தான், ஆனால் அது மெல்லிசு. இங்கே வருவது கட்டைவிரல் நீளத்துக்குக் கனமாக இருக்கும். மருந்து காய்ச்சுகிற பெரிய அண்டாவின் வாய்வட்டம், குழாய்க்கு மேல் போடுகிற மூடி, இப்படி. அதில் வட்டமாகத் துளை போடுவார்கள். வெறும் துளையில் போல்ட் நிற்குமா? நிற்காது. துளையின் உள்சுவரில் சுற்றுச் சுற்றாக மரை வெட்ட வேண்டும். அதை வெட்டுகிற கருவிக்கு டேப் என்று பேர். தண்ணீர்க் குழாயும் இல்லை, துணி அளக்கிற நாடாவும் இல்லை. விரல் மாதிரி ஓர் எஃகுக் குச்சி, உடம்பெல்லாம் பல். அதன் தலையில் ஒரு கைப்பிடியை மாட்டி, இரண்டு கையாலும் பிடித்து, துளைக்குள் திருகி இறக்க வேண்டும்.

அந்த வேலைக்குப் பட்டறையில் அவள் புருஷன்தான். மரைக்காரர் என்பார்கள். முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். அவள் அவர் பக்கத்தில் நின்று எண்ணெய் விடுவாள், பிசிறு தட்டுவாள், டேப் எடுத்துக் கொடுப்பாள். ஒரு துளைக்கு மூன்று டேப்பு. முதலாவதில் ஒரு வளையக் கோடு இருக்கும், இரண்டாவதில் இரண்டு கோடு, மூன்றாவது மொட்டை. முதலாவது வழி திறக்கும், இரண்டாவது ஆழம் பார்க்கும், மொட்டை அடிமட்டும் போய் முடித்து வரும். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவார். நீட்டின கையில் சரியான டேப்பு வந்து உட்காரும்.

"அரைச் சுத்து முன்னே, கால் சுத்து பின்னே." இதுதான் அவருடைய மந்திரம். முன்னே போகும்போது இரும்பு சுருளாக வெட்டுப்படும், பின்னே வரும்போது அந்தச் சுருள் முறிந்து விழும். பின்னே வராமல் முன்னேயே போகிறவன் சுருளில் சிக்கி டேப்பை உடைப்பான். உடைந்த டேப்பு துளைக்குள்ளேயே இருந்துவிடும். எஃகாயிற்றே, துளைத்து எடுக்கவும் முடியாது. பிள்ளை மூக்கில் போட்டுக்கொண்ட குண்டுமணி மாதிரி, தள்ளினால் உள்ளே போகும், இழுத்தால் வராது.

இன்னொன்றும் சொல்வார். "எவர்சில்வர் ரோஷக்கார இரும்பு. வெட்டினா வெட்டு வாங்கிக்கும். வெட்டாம சும்மா தேய்ச்சுக்கிட்டே நின்னா மூஞ்சிய இறுக்கிக்கும். இறுகினதுக்கு அப்புறம் தலைகீழா நின்னாலும் இறங்காது." அவள் கேட்டுக்கொண்டே, "யாரைச் சொல்றீங்க?" என்பாள். "இரும்பைத்தான் சொல்றேன், வேற யாரை," என்பார். துளை போடுகிற ஆள் அந்தப் பக்கம் சிரிப்பான்.

அவனுக்குச் சுருள் என்று பட்டப்பேர். மெஷினிலிருந்து வருகிற இரும்புச் சுருளுக்கும் அவன் தலைமுடிக்கும் வித்தியாசம் கிடையாது. வாய் சும்மா இருக்காது. ஒருமுறை முதலாளியின் மைத்துனர், பட்டறைக்குள் விரித்த குடையோடு வந்து, விரித்தபடியே நின்று பேசிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் சுருள், "மரை கழண்டுடுச்சு. நம்ம மரைக்காரர்கிட்ட குடுத்தா ரெண்டு சுத்து முறுக்கித் தருவாரு," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

மரைக்காரர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கல்யாணமான நாள்முதல் 'இந்தா'தான். "இந்தா, கதவைச் சாத்து." "இந்தா, பசிக்குது." டேப்பைத் திருப்பிக் கொடுக்கும்போதும் 'இந்தா'. கூப்பிடுவதும் அதே சொல், கொடுப்பதும் அதே சொல். அவள் கொடுக்கும்போது 'இந்தாங்க' என்பாள். பகலெல்லாம் அந்த மேசையோரம் இந்தா, இந்தாங்க, இந்தா, இந்தாங்க என்று ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான், அவர் அவள் பேரை மறந்தது எப்போது என்று அவளுக்குத் தெரியாமலே போனது. கூப்பிட்டிருந்தால் அல்லவா மறந்தது தெரியும்?

தெரிந்தது வேறு விதமாக. முதல் டேப்பு இறங்காத துளைக்கு இரண்டாவதைக் கேட்டார். அவர் வாய் தவறிக் கேட்டுவிட்டார் என்று நினைத்து அவள் முதலாவதைக் கொடுத்தாள். பிறகு, மரை போட்ட துளையிலேயே மறுபடியும் டேப்பை வைத்தார். "அது முடிஞ்சுதுங்க," என்றாள். "தெரியுமே, சரி பார்த்தேன்," என்றார். சாப்பிட்டு முடித்த சோற்று டப்பாவைத் திறந்து, "யாரு தின்னது?" என்று கேட்ட அன்றைக்கு அவளுக்குப் புரிந்துபோனது.

டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்து, அதில் கடிகார முள் வரையச் சொன்னார். இவர் வட்டத்தின் ஓரம் முழுக்கச் சரிசமமாகத் துளைகள் வரைந்து கொடுத்தார், காம்பஸ் வைத்த மாதிரி. டாக்டர் சிரிக்கவில்லை. அவளைத் தனியே அழைத்து, இது திரும்புகிற நோய் இல்லை, கடைசியாக ஏறினது முதலில் இறங்கும், பழசு கொஞ்ச காலம் தங்கும், கை பழகின வேலை இன்னும் கொஞ்சம் தங்கும் என்று சொன்னார். அவள் அதில் ஒரு சொல்லை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள். கை. மேசையோரம் நிற்கிறவரைக்கும் கை ஓடும். கை ஓடுகிறவரைக்கும் மனுஷன் இருப்பார். பட்டறையில் தெரிந்துபோனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் கை நிற்கும். கை நின்றால் எல்லாம் நிற்கும். இதற்கு மேல் அவளுக்குக் கணக்குத் தெரியவில்லை, தேவையுமில்லை.

ஆகவே ஒரு சாக்பீஸ் வாங்கிக்கொண்டாள். மரை முடிந்த ஒவ்வொரு துளையின் பக்கத்திலும் ஒரு புள்ளி. புள்ளி இருந்தால் முடிந்தது, இல்லாவிட்டால் மிச்சம்.

"என்ன இது, அம்மை போட்ட மாதிரி?" என்றார்.

"பொட்டு. வச்சா அழகா இருக்குல்ல," என்றாள்.

"இரும்புக்குப் பொட்டு வைக்கிறா," என்று சுருளிடம் சொல்லிச் சிரித்தார். சுருளும் சிரித்தான். ஆனால் அவன் கண் அந்தப் புள்ளிகளின் மேல் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றது.

அந்தப் பொட்டை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் ஓட்டிவிட்டாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டேப்பு ஒன்றும் உடையவில்லை.

அப்புறம் அந்தப் பெரிய வாய்வட்டம் வந்தது. அண்டாவின் வாய். நாலு பேர் சேர்ந்து தூக்கி மேசையில் வைத்தார்கள். கடைந்து, மெருகிட்டு, துளையும் போட்டாயிற்று. மரை ஒன்றுதான் பாக்கி. அடி மூடின துளைகள், பாதிக் கனத்தோடு நின்றுவிடும், மறுபக்கம் திறக்காது. அதில்தான் பயம் அதிகம். அடியில் டேப்பு தட்டும்போது, தட்டுகிறது என்று கைக்குத் தெரிய வேண்டும்.

காலையிலிருந்து அவர் நின்றார். என்ன அழகாக நின்றார் தெரியுமா! அரை முன்னே, கால் பின்னே. தோளும் அசையாது, கைப்பிடியும் கோணாது. அவள் எண்ணெய் விட்டுக்கொண்டே அந்தக் கையைப் பார்த்தாள். டாக்டருக்கு என்ன தெரியும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். துளை முடிய முடியப் புள்ளி வைத்தாள். பாதி வட்டம் முடிந்தபோது சாப்பாட்டு நேரம்.

அன்றைக்குச் சோறும் பருப்பும், அவித்த முட்டையும். அவர் முட்டையை உரித்து, மஞ்சள்கருவை அவள் பக்கம் தள்ளினார். அது அவருக்குப் பிடிக்காது, எப்போதும் அவளுக்குத்தான். இதை மறக்கவில்லை பார் என்று அவளுக்கு உள்ளே குளிர்ந்தது. டப்பாவைக் கழுவப் பின்பக்கம் போனாள். குழாயடியில் ஆள் நின்றது, கொஞ்சம் காத்திருந்தாள். அவ்வளவுதான், கண்ணுகளா. அவள் செய்த தப்பு என்று ஒன்று உண்டென்றால், டப்பாவைக் கழுவப் போனதுதான்.

அவர் துப்புரவான ஆள். சாப்பிட்டு எழுந்தால் முதல் வேலை, கழிவுத்துணியை எடுத்து மேசையையும் இரும்பையும் துடைப்பது. அன்றைக்கும் துடைத்தார். எண்ணெய் போயிற்று, பிசிறு போயிற்று, புள்ளியும் போயிற்று.

குழாயடியிலிருந்து திரும்பும்போது அவர் குரல் அவளுக்குக் கேட்டது. சுருளிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு என்னய்யா, இரும்பு வெண்ணெயாட்டம் இறங்குது."

அவள் கையிலிருந்த டப்பா கீழே விழுந்தது. எவர்சில்வர் என்றைக்கய்யா வெண்ணெயாக இருந்தது? மரை போட்ட துளையில் மறுபடி போகிறவனுக்கு மட்டும்தான் அது வெண்ணெய். ஓடினாள். டேப்பு அடியில் போய்த் தட்டி நிற்பதை அவர், இரும்பு ரோஷப்படுகிறது என்று நினைத்து, இன்னொரு அரைச் சுற்றுக்குத் தோளைக் கொடுப்பதைக் கண்ணால் பார்த்தாள். 'வேண்டாங்க' என்று வாய் திறந்தாள்.

டிக்.

சின்னச் சத்தம்தான். மிளகாய் வற்றலை ஒடித்த மாதிரி. ஆனால் மெஷின் ஓடுகிற பட்டறையில் எல்லோருக்கும் அது கேட்கும். ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. அவர் கையில் கைப்பிடியும் பாதி டேப்பும். மீதி உள்ளே. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கையில் அது எப்படி வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிக்கொண்டே போனது. முதலாளி உள்ளறையிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

அவள் போய் அந்தக் கைப்பிடியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான்தாங்க உடைச்சேன்," என்றாள்.

முதலாளி அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"நீயா? நீ எதுக்குக் கைப்பிடியத் தொட்டே?"

"அவருக்குக் கை ஓய்ஞ்சுதேன்னு ஒரு துளைக்கு நான் மரை போட்டுப் பார்த்தேன். ஆசைதான். தெரியாத்தனம்."

சுருள் வாயைத் திறந்தான். அவள் ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். அந்த மனுஷன் முகம் நிமிர்ந்தது. கலங்கின தண்ணீர் தெளிகிற மாதிரி தெளிந்தது. டேப்பு உடைந்தது, உடைத்தவள் இவள் என்று எல்லாம் ஒரு வரிசைக்கு வந்துவிட்டது அவருக்கு. எல்லோர் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை தடவ சொல்லியிருக்கேன், இந்தா? கை இறுகுதுன்னா நிக்கணும், பின்னால வரணும். முரட்டுத்தனமா முறுக்கக் கூடாது. முறுக்கினா வளைஞ்சு குடுக்க இது என்ன உன் புருஷனா? இரும்பு!"

பட்டறையே சிரித்துவிட்டது. சத்தமில்லாமல் நின்றவர்கள் எல்லாம், அப்பாடா என்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, சிரிப்பில் வந்தது என்று துடைத்துக்கொண்டாள். அவர் அவ்வளவு நீளமாக, அவ்வளவு தெளிவாகப் பேசி நாளாகியிருந்தது.

முதலாளி நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷனுக்கும் கெடு என்று ஒன்று இருக்கிறதே. வாய்வட்டத்தை, தீப்பொறி வைத்து எஃகை அரித்தெடுக்கிற வேறொரு பட்டறைக்கு அனுப்பினார். அவளை மேசைப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். பின்பக்கம், சாமான் கழுவித் துடைத்துக் காகிதம் சுற்றுகிற இடத்துக்கு. அவள் இதை யோசிக்கவில்லை. அவரைக் காப்பாற்றச் சொன்ன பொய், அவர் பக்கத்திலிருந்து அவளையே கிளப்பிவிட்டது.

அன்று சாயங்காலம் குழாயடியில் சுருள் வந்து நின்றான். அவன் அவளை அக்கா என்பான்.

"அக்கா, நான் பார்த்தேன்."

"பார்த்தா, பார்த்த இடத்துலயே வச்சுட்டுப் போ."

"அதுக்கில்லக்கா. நாளைக்கு யாரு பொட்டு வைப்பா?"

அவள் சாக்பீஸை எடுத்து அவன் கையில் வைத்தாள். மறுநாளிலிருந்து சுருள்தான் பொட்டு வைத்தான். தன் மெஷினை விட்டுவிட்டு ஓடி ஓடி வருவான், டேப்பு எடுத்துக் கொடுப்பான், புள்ளி வைப்பான், ஓடிப்போவான். மரைக்காரர் நீட்டின கையில் டேப்பு வந்து உட்கார்ந்ததும், "இந்தா எங்கே?" என்று கேட்பாராம். "பின்னாடி இருக்காங்க, மரைக்காரரே," என்பானாம். சற்று நேரம் கழித்து மறுபடியும், "இந்தா எங்கே?"

அப்படி எத்தனை நாள் தாங்கும்? ஒரு முன்பகல், கைப்பிடியோடு குனிந்தவர் நிமிர்ந்தார். புதிதாகத் துளை போட்ட இரும்பு வைஸில் இருந்தது. அதைக் காட்டிச் சுருளிடம், ரொம்பத் தணிவாக, வழி கேட்கிற ஊர்க்காரன் மாதிரி கேட்டார்.

"தம்பி, இந்த ஓட்டையை எதுக்குப் போட்டிருக்காங்க?"

சுருளுக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷினை நிறுத்தினான். முதலாளி அப்போது பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

அவரே வண்டியில் ஏற்றி இருவரையும் வீட்டில் கொண்டுவந்து விட்டார். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. இறங்குமுன் முதலாளி கைப்பிடியை மரைக்காரர் மடியில் வைத்து, "இதை நீங்களே வச்சுக்குங்க, மரைக்காரரே. வேற கைக்கு இது சரிப்படாது," என்றார். அவளிடம் என்னவோ சொல்ல வந்தார். 'உடைச்சது நீ இல்லேன்னு எனக்குத் தெரியும்' என்று சொல்ல வந்தாரோ என்னவோ. சொல்லாமல் வண்டியைத் திருப்பினார்.

வீட்டில் இருப்பு அப்படித்தான் தொடங்கியது. ஒற்றை அறை, அடுப்படி, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். அவர் கை ஓடவேண்டும் என்று அவள் கேட்டுக்கொள்ள, சுருள் ஒரு துண்டு எவர்சில்வர்க் கட்டையில் துளை போட்டு, மரையும் வெட்டி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த ஒரு போல்ட்டோடு கொண்டுவந்து கொடுத்தான். அவன் வெட்டின மரை கொஞ்சம் கோணல். ஜன்னலோரம் உட்கார்ந்து மரைக்காரர் போல்ட்டை இறக்குவார். அரை முன்னே, கால் பின்னே. அடிமட்டும் போனதும் கழற்றி அவளிடம் நீட்டுவார். "இந்தா." அவள் துடைத்து, "இந்தாங்க," என்று திருப்பிக் கொடுப்பாள். மறுபடியும் முதலிலிருந்து.

எதைப் பிடித்தாலும் அப்படித்தான். குழாயைத் திறந்தால் அரை முன்னே, கால் பின்னே. சீசா மூடியை மூடினால் அப்படி. அந்த மூடியைப் பிறகு யாராலும் திறக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரி, "உங்க வீட்டுச் சர்க்கரைகிட்ட எறும்பு மட்டுமில்ல, மனுஷனும் போக முடியாது," என்பாள். அவர்கள் வீட்டில் இறுகிப்போன மூடியை இவரிடம் கொண்டுவந்து கொடுப்பாள், இவர் திறந்து கொடுப்பார். அந்த மட்டுக்கும் தெருவுக்கு ஒரு மரைக்காரர் இருந்தார்.

ஆனால் ஒன்று. எல்லாம் சுற்றுச் சுற்றாகக் கழன்றுகொண்டிருந்த அந்தத் தலையில், அந்த ஒரு நாள் மட்டும் கழலவில்லை. சாப்பிட்டது நினைவில்லை, மகளுக்குக் கல்யாணமானது நினைவில்லை, டேப்பு உடைந்தது நினைவிருந்தது. கோபத்தில் ஏறினது ஆழமாக ஏறிவிட்டது போலிருக்கிறது. மின்சாரக் கணக்கு எடுக்க வந்த ஆளைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்வார்.

"இவ இருக்காளே, நல்லா வேலை செய்வா. குறை சொல்ல முடியாது. ஆனா ஒரு நாள் டேப்ப உடைச்சுட்டா. பெரிய வேலை, பாவம், வீணாப் போச்சு."

அவள் அடுப்படியிலிருந்து, "ஆமாங்க, உடைச்சேன்," என்பாள். முதலில் அது சுருக்கென்று தைத்தது. யாருக்குத்தான் தைக்காது? செய்தவர் சொல்லிக்காட்ட, செய்யாதவள் தலையாட்ட வேண்டும்.

ஒரு காலை அவர் விழித்ததும் அவளை ஏற இறங்கப் பார்த்தார். போர்வையை மார்புவரைக்கும் இழுத்துக்கொண்டார்.

"யாரு?"

"நான்தாங்க. உங்க பொண்டாட்டி."

இல்லை என்று தலையசைத்தார். அவள் தன் பேரைச் சொன்னாள். கூப்பிட்டே அறியாத பேர், அவருக்கு அதில் என்ன இருக்கிறது? மகள் பேரைச் சொன்னாள். தெரு, வீடு, பட்டறை. ஒன்றிலும் பிடி கிடைக்கவில்லை. அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்து போய்விடலாமா என்பது போல. அவளுக்கு என்ன தோன்றியதோ, சொன்னாள்.

"டேப்ப உடைச்சேனே, அவ."

அந்த முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"அட, இந்தா! நீயா? அதைச் சொல்றதுக்கென்ன?"

அன்றிலிருந்து அதுதான் அவளுக்குச் சாவி. காலையில் எழுந்ததும், குளிக்க வைக்கும்போதும், அவர் பயந்து கையை உதறும்போதும், "டேப்ப உடைச்சேனே, அவ," என்பாள். அவர் திட்டுவார். "கை இறுகுதுன்னா நிக்கணும்," என்று பாடம் தொடங்குவார். திட்டிக்கொண்டே சோறு வாங்கிக்கொள்வார்.

மகள் வந்திருந்தாள், கைக்குழந்தையோடு. அப்பா தன்னை 'வாங்கம்மா, உட்காருங்க' என்று சொன்னதைப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் அம்மாவை டேப்பு உடைத்தவள் என்று அவர் சொன்னபோது அவளுக்குத் தாங்கவில்லை. சுருள் வழியாக அவளுக்கு நடந்தது தெரியும்.

"அப்பா, அதை உடைச்சது..." என்று தொடங்கினாள். அம்மா அவள் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துவந்தாள்.

"எதுக்கும்மா இந்தப் பழியச் சுமக்கிற? இனிமே அவரை வேலைய விட்டு அனுப்ப யாரு இருக்கா? உண்மையச் சொன்னா என்ன குடி முழுகிடும்?"

"உண்மையில நான் இல்லடி," என்றாள் அம்மா. "அந்தப் பொய்யிலதான் இருக்கேன். அதையும் எடுத்துட்டா, அவர்கிட்ட நான் எங்க போய் நிப்பேன்?"

மகள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவின் அருகில் குனிந்து, "அம்மாவை நல்லாத் திட்டுங்கப்பா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுபடியும் மழைக்காலம் வந்தது. ஒரு பிற்பகல் சரியான மழை. பக்கத்து வீட்டுத் தகரத்தின் மேல் விழுந்து, பட்டறைக்குள் இருப்பது மாதிரியே ஒரு சத்தம். அவர் போல்ட்டை வைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையை அசைத்து அவளைக் கூப்பிட்டார், பட்டறையில் மழைச் சத்தத்தில் கூப்பிடுகிற அதே அசைப்பு. அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"இந்தா, உக்காரு. ஒண்ணு சொல்லணும்."

உட்கார்ந்தாள். அவர் கண் அவ்வளவு தெளிவாக இருந்தது.

"எல்லாரும் பார்க்க உன்னைத் திட்டிட்டேன். அது தப்பு. ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. அடி மூடின துளை. யாரு கையா இருந்தாலும் உடைஞ்சிருக்கும். என் கையா இருந்தாலும் உடைஞ்சிருக்கும்."

"இல்லீங்க, நான்தான் பார்த்துச் செஞ்சிருக்கணும்," என்றாள்.

"விடு. உன் மேல தப்பில்ல. மனசுல வச்சுக்காதே, மறந்துடு." அவள் தலையில் கை வைத்தார். "நான் மறந்துட்டேன்."

"மறக்காதீங்க," என்றாள். அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீங்க மறக்காதீங்க. திட்டுங்க. நான் செஞ்சது தப்புதான், திட்டுங்க."

"சேச்சே. யாராவது இதுக்குப் போய் அழுவாங்களா?" என்று அவர் சிரித்தார். அவளுக்கு அழுகை நிற்கவில்லை. மழைச் சத்தத்தில் தெருவில் யாருக்கும் கேட்டிருக்காது. மன்னிப்புக் கிடைத்ததென்று அழுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டு, பாவம், முதுகைத் தட்டிக்கொடுத்தார். அரை முன்னே, கால் பின்னே என்று அந்தத் தட்டலும் ஓர் ஒழுங்கில் இருந்தது.

மறுநாள் வெயில் அடித்தது. அவர் விழித்தார், அவளைப் பார்த்தார். அவள் டீயோடு நின்றாள். அவர் கேட்குமுன் அவளே சொன்னாள்.

"டேப்ப உடைச்சேனே, அவ."

அவர் முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து யோசித்தார். நல்ல மனுஷன், வந்தவள் மனசு நோகக்கூடாது என்று நிஜமாகவே யோசித்தார்.

"அப்படியாம்மா? பரவாயில்ல. யாருக்குத்தான் உடையல."

டீயை ஊதிக் குடித்தார். ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, போல்ட்டை இறக்கினார். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். அரை முன்னே, கால் பின்னே. தோள் அசையவில்லை, கைப்பிடி கோணவில்லை. அடிமட்டும் போனதும் கழற்றினார். அவளிடம் நீட்டினார்.

"இந்தாங்க," என்றார்.

கல்யாணமான நாள்முதல் அவர் அவளுக்கு மரியாதை கொடுத்ததில்லை. அன்றைக்குக் கொடுத்தார். அந்த ஒரு 'ங்க', வாசலுக்கு வெளியே நிற்கிற அந்நியர்களுக்குச் சேர்த்துச் சொல்கிற 'ங்க', அது அவள் காதில் விழுந்தது. பிறகு போல்ட்டை வாங்கினாள். முந்தானையால் துடைத்தாள். "இந்தாங்க," என்று திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கித் துளையின் வாயில் நேராக நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கினார்.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து அவரவர் வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். பிள்ளைகள் நெடுங்காலம் நல்லா இருக்கட்டும். மரியாதை ஊரில் நிறையக் கிடைக்கும், கிடைக்கட்டும். ஆனால் உங்களை மரியாதை இல்லாமல், பேர்கூடச் சொல்லாமல், 'இந்தா' என்று கூப்பிட ஒரு வாய் உங்கள் வீட்டில் கடைசிவரைக்கும் இருக்கட்டும். அது கூப்பிட்டபோதெல்லாம், 'என்ன' என்று கேட்க நீங்களும் இருங்கள்.